‘எல்லாம்’ என்பதை மறுப்பது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர் நிறுத்தத்தில் ‘எல்லாப் பேருந்துகளும் இங்கு நிற்காது’ என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். எந்தப் பேருந்துமே நிற்காது போலும் என்று என் தந்தை அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிட்டார். சில பேருந்துகளாவது நிற்கும் என்று நான் அங்கேயே காத்திருந்து, பத்து நிமிடத்தில் வந்த நகரப் பேருந்தில் ஏறினேன். எங்களில் யார் படித்தது சரி?
– ஒரு வாசகர், திருச்சி மாவட்டம்

பதில்: இருவரும் தமிழைச் சரியாகத்தான் படித்தீர்கள். இரண்டு வெவ்வேறு செய்திகளுக்கு இடம்கொடுக்கும் ஒரே வாக்கியத்தை எழுதிவைத்தது பலகையின் குறை. ‘நிற்காது’ என்பதில் மறுப்பு வினைக்குள்ளேயே அடங்கியிருப்பதால், அது நிற்றலை மட்டும் மறுக்கிறதா, ‘எல்லா’ என்பதையும் சேர்த்து மறுக்கிறதா என்பது எழுத்தில் தெரிவதில்லை. நிற்றலை மட்டும் மறுப்பதாகக் கொண்டால், ஒவ்வொரு பேருந்தும் நிற்காமல் போகும் என்றாகிறது. உங்கள் தந்தை அப்படிக் கொண்டார். ‘எல்லா’ என்பதை மறுப்பதாகக் கொண்டால், நிற்காத பேருந்து ஒன்றாவது உண்டு என்பதற்கு மேல் பலகை எதுவும் சொல்லவில்லை.

இந்த இரட்டைப் பொருளை நம் இலக்கணிகள் கவனித்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் பெருமகிழ்ச்சி தரும் செய்தி. ‘எல்லாரும்’, ‘அனைத்தும்’, ‘பத்தும்’ என்று ஒன்றையும் விடாமல் முழுமையாகச் சுட்டும் உம்மைக்கு முற்றும்மை என்று பெயர். நன்னூலின் இடையியலில் ‘முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்’ என்று ஒரு சூத்திரம் வருகிறது. முழுமையைச் சுட்டும் அந்த உம்மை, சில இடங்களில் எஞ்சியவை உண்டு என்ற பொருளையும் தரும் என்பது அதன் கருத்து. தொல்காப்பியமும் இதைச் சொல்கிறது. அங்கே உரையாசிரியர் காட்டும் ‘பத்தும் கொடால்’ என்ற எடுத்துக்காட்டை உங்கள் பலகையோடு வைத்துப் பாருங்கள். பத்தையும் கொடுத்துவிடாதே, சிலவற்றை வைத்துக்கொண்டு கொடு என்பது அதன் பொருளாகுமேயன்றி, ஒன்றும் கொடுக்காதே என்பது ஆகாது. எதிர்மறை வினையோடு சேரும்போதுதான் இந்த உம்மை இப்படித் தடுமாறுகிறது என்பதை அந்த எடுத்துக்காட்டே காட்டிவிடுகிறது.

இலக்கணம் சுட்டிய இந்த இடத்தை அளவையியல், அதாவது தருக்கம், நான்கு வாக்கியங்களாகப் பிரித்து வைக்கிறது. ‘எல்லாப் பேருந்துகளும் நிற்கும்’ என்பது நிறைவிதி. ‘எந்தப் பேருந்தும் நிற்காது’ என்பது நிறைமறை. ‘சில பேருந்துகள் நிற்கும்’ என்பது குறைவிதி. ‘சில பேருந்துகள் நிற்காது’ என்பது குறைமறை. முதல் இரண்டும் ஒரு வகுப்பு முழுவதையும் பற்றிப் பேசுகின்றன. பின்னிரண்டும் அதன் ஒரு பகுதியைப் பற்றி மட்டும் பேசுகின்றன. நிறைவிதியை மறுக்க வேண்டுமானால் எதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் உங்கள் வீட்டு விவாதத்தின் உட்கேள்வி. குறைமறையைச் சொன்னால் போதும் என்பது அரிஸ்டாட்டில் தந்த விடை. நிறைவிதியும் குறைமறையும் ஒன்றுக்கொன்று முரண். அவற்றில் ஒன்று மெய்யானால் மற்றது பொய், ஒன்று பொய்யானால் மற்றது மெய், மூன்றாவது வழியே கிடையாது. நிறைமறைக்கும் குறைவிதிக்கும் இடையே இருப்பதும் இதே முரண்தான். ஆனால் நிறைவிதியும் நிறைமறையும் முரண் அல்ல, வெறும் எதிர். அவை இரண்டும் சேர்ந்து மெய்யாக முடியாது. சேர்ந்து பொய்யாகத் தடையேதும் இல்லை.

கணித வரலாற்றிலிருந்து ஒரு சான்று சொல்கிறேன், ஏனெனில் இங்கே ஒவ்வொரு படியையும் நீங்களே தாளில் சரிபார்க்கலாம். 2இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை வைத்து, வரும் விடையோடு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்ற எண்கள் கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். அடுக்கை இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் கிடைக்கும் எண்கள் எல்லாமே பகா எண்களாக இருக்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் பியர் டி ஃபெர்மா நம்பினார். அடுத்த அடுக்கு 32. அதற்குரிய எண் 4294967297. அதை 641 மீதியின்றி வகுக்கிறது என்று 1732இல் ஆய்லர் காட்டினார், ஈவு 6700417. அந்த ஒரே வகுத்தலில் ஃபெர்மாவின் நிறைவிதி விழுந்துவிட்டது. ‘இவற்றில் எதுவும் பகா எண் அன்று’ என்று ஆய்லர் நிறுவ வேண்டியிருக்கவில்லை; நிறுவியிருக்கவும் முடியாது, ஏனெனில் 3 கண்முன்னே பகா எண்ணாக நிற்கிறது. நிறைவிதி, நிறைமறை இரண்டும் ஒருங்கே பொய்யாகி, குறைவிதி, குறைமறை இரண்டும் ஒருங்கே மெய்யாகும் நிலை இதுவே.

இதே வரிசை இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. அந்த 4294967297 முதல் தொடர்ந்து 28 எண்கள் பகா எண்கள் அல்ல என்று இன்று உறுதியாகத் தெரியும். ஆயினும் ‘4294967297 முதல் இவ்வரிசையில் எந்த எண்ணும் பகா எண் அன்று’ என்று இதுவரை எவரும் நிறுவவில்லை. அந்த 28 எண்களுக்கு அடுத்த எண்ணே இன்னும் தீர்வாகாமல் நிற்கிறது. நிறை வாக்கியம் ஒன்றை வீழ்த்த ஓர் எடுத்துக்காட்டு போதும். அதை நிலைநிறுத்தவோ எத்தனை எடுத்துக்காட்டுகளை அடுக்கினாலும் போதாது, ஓர் உண்மையான நிறுவல் வேண்டும். நம் வாக்குவாதங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடம்புரள்கின்றன. ‘அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் கஞ்சர்கள்’ என்று ஒருவர் சொன்னால், தாராளமாகக் கொடுக்கும் ஒருவரைக் காட்டி நிறுத்திக்கொள்ளாமல், ‘அந்த ஊரில் கஞ்சரே கிடையாது’ என்று மற்றவர் கிளம்புகிறார். தேவையில்லாத பாரத்தைத் தாமாகத் தூக்கிக்கொண்டதால், சரியான பக்கத்தில் நின்றவர் தோற்கிறார்.

பலகையில் என்ன எழுதலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ‘இங்கு எந்தப் பேருந்தும் நிற்காது’ என்றோ, ‘சில பேருந்துகள் மட்டுமே இங்கு நிற்கும்’ என்றோ எழுதினால், அடுத்த முறை உங்கள் தந்தை வீணாக நடக்க நேராது.

கேள்வி: இந்த நான்கு வாக்கியங்களையும் சதுரமாக முதலில் வரைந்தவர் அரிஸ்டாட்டிலா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இல்லை. முரண், எதிர் ஆகிய உறவுகளை அவர் சொற்களால் விளக்கினார். நான்கு வாக்கியங்களையும் நான்கு மூலைகளில் வைத்து, உறவுகளைக் கோடுகளாகக் காட்டும் சதுரப் படம் அவருடைய நூல்களில் இல்லை. அபுலேயுஸ் எழுதியதாகக் கருதப்படும் 2ஆம் நூற்றாண்டு இலத்தீன் நூலிலும், பிறகு 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போயீத்தியுஸின் உரைகளிலும் அது வருகிறது. ஏ (A), இ (E), ஐ (I), ஓ (O) என்ற நான்கு இலத்தீன் உயிரெழுத்துகளைக் குறியீடாக வைக்கும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாடநூல்களில் நிலைபெற்றது. ‘அஃபிர்மோ’, அதாவது ‘உடன்படுகிறேன்’ என்ற இலத்தீன் சொல்லின் முதலிரு உயிர்கள் விதிவாக்கியங்களுக்கும், ‘நெகோ’, அதாவது ‘மறுக்கிறேன்’ என்பதன் இரு உயிர்கள் மறைவாக்கியங்களுக்கும் போயின. இலத்தீன் அறியாத நம் மாணவர்கள் இவற்றை மனப்பாடம் செய்யத் தடுமாறுவதைப் பார்க்கும்போது, நிறை, குறை, விதி, மறை என்று பெயரிலேயே பொருள் விளங்க வைத்த தமிழ்க் கலைச்சொற்களை ஆக்கியவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

கேள்வி: நான் உயர்தர வகுப்பில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிக்கிறேன். ‘சில மாணவர்கள் தேறினர்’ என்பது மெய்யானால் ‘சில மாணவர்கள் தேறவில்லை’ என்பதும் மெய்தானே என்று கேட்டேன். ஆசிரியர் அப்படி முடிவுகட்டக் கூடாது என்கிறார். பேச்சில் நாம் அப்படித்தானே விளங்கிக்கொள்கிறோம்?
– மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் ஆசிரியர் சொல்வது சரி, நீங்கள் கவனித்ததும் சரி. அளவையியலில் ‘சில’ என்பதற்கு ‘ஒன்றாவது’ என்பதே பொருள். விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நாற்பது தாள்களில் ஏழைத் திருத்தியிருக்கிறார். ஏழு பேரும் தேறியிருக்கிறார்கள். அந்நிலையில் ‘சில மாணவர்கள் தேறினர்’ என்று அவர் ஐயமின்றிச் சொல்லலாம். மிச்சமுள்ள முப்பத்து மூன்று தாள்களைப் பற்றி அவர் இன்னும் எதுவும் அறியார். பிறகு நாற்பது பேருமே தேறிவிட்டதாகத் தெரிந்தால், முன்பு சொன்னது பொய்யாகிவிடுமா? ஆகாது. அது அப்போதும் மெய், இப்போதும் மெய். அப்போது முழுச் செய்தியும் அவர் கையில் இல்லை, அவ்வளவே.

எல்லாத் தாள்களையும் திருத்தி முடித்த ஆசிரியர் ‘சிலர் தேறினர்’ என்று சொன்னால் மட்டும் நம் மனம் ‘அப்படியானால் சிலர் தவறிவிட்டார்கள்’ என்று ஓடுகிறது. எல்லாரும் தேறியிருந்தால் அதையே சொல்லியிருப்பார் என்ற எதிர்பார்ப்புதான் அதற்குக் காரணம். வாக்கியத்தின் பொருளிலிருந்து வருவது வேறு, பேசுபவர் வேண்டிய அளவு செய்தியை மறைக்காமல் தருவார் என்ற நம்பிக்கையிலிருந்து வருவது வேறு என்று 1967இல் ஹார்வர்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் மெய்யியலாளர் பால் கிரைஸ் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். ‘சிலர் தேறினர், சொல்லப்போனால் எல்லாருமே தேறினர்’ என்று ஒருவர் தொடர்ந்தால் நாம் திடுக்கிடுவதில்லை. ‘எல்லாரும் தேறினர், சொல்லப்போனால் ஒருவர் தேறவில்லை’ என்றால் உடனே நிறுத்திக் கேட்போம். எதிர்பார்ப்பைப் பேசுபவரே திரும்பப் பெற்றுக்கொள்ள முடியும், பொருளைத் திரும்பப் பெற முடியாது என்பதற்கு இந்தச் சிறு சோதனை போதும்.

ஆகவே குறைவிதியும் குறைமறையும் சேர்ந்து மெய்யாகலாம். சேர்ந்து பொய்யாக மாட்டா. இதைத் துணையெதிர் என்று நான் குறிப்பிடுவேன். உங்கள் பாடநூல் வேறு பெயர் வைத்திருந்தால் தேர்வில் அந்தப் பெயரையே எழுதுங்கள்.

கேள்வி: நிறைவிதி மெய்யானால் குறைவிதியும் மெய் என்று நான் படித்த பழைய நூல் சொல்கிறது. மகளின் புதிய பாடநூலில் அது செல்லாத முடிவு என்று இருக்கிறது. எல்லாம் இனிப்பு என்றால் சிலவும் இனிப்புத்தானே? இதில் கருத்து வேறுபாடு எப்படி வந்தது?
– ஆசிரியை, கோயம்புத்தூர்

பதில்: வகுப்பில் இதை விளக்க நான் ஒரு தகர டப்பாவைக் கொண்டுபோவதுண்டு. மூடியைத் திறக்காமல், ‘இந்த டப்பாவில் உள்ள மிட்டாய்கள் எல்லாம் எலுமிச்சை மிட்டாய்கள்’ என்று கரும்பலகையில் எழுதுவேன். ‘அப்படியானால் இதில் சில எலுமிச்சை மிட்டாய்கள் உண்டா?’ என்று கேட்டால் வகுப்பு முழுவதும் ‘உண்டு’ என்று சொல்லும். பிறகு மூடியைத் திறந்து கவிழ்ப்பேன். ஒன்றும் விழாது. சிலர் ‘பொய் சொல்லிவிட்டீர்கள்’ என்பார்கள். ஒரு மாணவியோ மாணவனோ மட்டும், ‘எலுமிச்சை அல்லாத மிட்டாய் ஒன்றைக் காட்டினால்தானே அது பொய்?’ என்று எழுந்து கேட்பதுண்டு. அந்தக் கேள்வி எழும் நாளில் பாடம் பாதி முடிந்துவிடும்.

அந்த மாணவியின் வாதத்தைத்தான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தருக்கம் ஏற்றுக்கொண்டது. 1879இல் ஜெர்மானியத் தருக்க அறிஞர் ஃபிரேகே வெளியிட்ட நூலின் வழியில் எழுதினால், ‘எல்லா மிட்டாய்களும் எலுமிச்சை’ என்பது ‘எதை எடுத்தாலும், அது இந்த டப்பாவின் மிட்டாயானால் எலுமிச்சையாக இருக்கும்’ என்று விரிகிறது. அந்த ‘ஆனால்’ என்ற நிபந்தனை, மிட்டாய் இருப்பதாகச் சொல்லவில்லை. ‘சில மிட்டாய்கள் எலுமிச்சை’ என்பதோ, அப்படி ஒன்று இருக்கிறது என்றே சொல்கிறது. இருப்பைப் பற்றிப் பேசாத வாக்கியத்திலிருந்து இருப்பை வரவழைக்க முடியாது. வெற்று டப்பாவில் நிறைவிதி, நிறைமறை இரண்டுமே மெய்யாகிவிடுவதால், அவை எதிர் என்ற உறவும் போகிறது. குறைவிதி, குறைமறை இரண்டும் பொய்யாவதால் துணையெதிரும் போகிறது. சதுரத்தின் பக்கங்கள் நான்கும் உதிர்ந்து, குறுக்கே செல்லும் இரண்டு முரண்கோடுகள் மட்டும் மிஞ்சுகின்றன. மரபில் செல்லும் என்று கொள்ளப்பட்ட 24 முக்கூற்று வடிவங்களில் (இரு கூற்றுகளிலிருந்து மூன்றாவதை முடிவாகப் பெறும் வாத வடிவங்களில்) 9, பேசப்படும் பொருள் ஒன்றாவது உண்டு என்று தனியே சேர்த்துச் சொன்னால்தான் செல்லும் என்றானது இதனால்தான்.

பழைய நூல் தவறு என்று இதை வைத்து ஒதுக்கிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. அரிஸ்டாட்டில் குறைமறையைச் சொன்ன முறையைப் பாருங்கள்: ‘சில மனிதர் வெள்ளையர் அல்லர்’ என்பதற்கு மாறாக, ‘ஒவ்வொரு மனிதனும் வெள்ளையன் என்பது இல்லை’ என்ற போக்கில் நிறைவிதியின் மறுப்பாகவே அதை வைத்தார். இந்த இரண்டு வடிவங்களும் ஒன்றல்ல என்று 12ஆம் நூற்றாண்டிலேயே அபெலார் எடுத்துக்காட்டினார். பிற்கால இடைக்கால அறிஞர்கள் சிலர் ஒரு நேர்த்தியான வழியும் கண்டார்கள்: விதிவாக்கியம் மெய்யாக வேண்டுமானால் பேசப்படும் பொருள் இருந்தாக வேண்டும், மறைவாக்கியத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இதன்படி வெற்று டப்பாவைப் பற்றி நிறைவிதியும் குறைவிதியும் பொய், நிறைமறையும் குறைமறையும் மெய். நான்கு மூலைகளிலும் இந்த மதிப்புகளைக் குறித்துப் பாருங்கள். சதுரத்தின் ஓர் உறவுகூடப் பழுதுபடாது. ‘எல்லாம் அல்ல’ என்பது ‘அல்லாத ஒன்று உண்டு’ என்று வாக்குக் கொடுப்பதில்லை என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும்.

மூன்றாவதாக ஒரு கருத்தும் உண்டு. பிள்ளைகளே இல்லாத ஒருவர் ‘என் பிள்ளைகள் எல்லாரும் உறங்குகிறார்கள்’ என்றால் அது மெய்யா பொய்யா என்ற கேள்வியே எழவில்லை என்று 1952இல் மெய்யியலாளர் பீட்டர் ஸ்ட்ராசன் வாதிட்டார். அன்றாடப் பேச்சுக்கு இதுவே மிகவும் பொருந்துகிறது என்பது என் எண்ணம். விதிகளுக்கும் இயற்கை நியதிகளுக்கும் புதிய முறையே வேண்டும். ‘தாமதமாகப் பணம் கட்டுவோர் அனைவரும் அபராதம் செலுத்த வேண்டும்’ என்ற விதி, அவ்வாண்டு ஒருவரும் தாமதிக்கவில்லை என்பதால் பொய்யாகிவிடக் கூடாது. புறவிசை எதுவும் தாக்காத பொருள் சீரான வேகத்தில் நேர்கோட்டில் செல்லும் என்ற நியூட்டனின் முதல் விதியும் அப்படித்தான். ஈர்ப்பு எட்டாத மூலையில்லாத அண்டத்தில் அத்தகைய பொருளை எங்கே தேடுவது? உங்கள் மகளிடம் நீங்கள் சொல்லக்கூடியது: தேர்வில் பாடநூலின் முறையைப் பின்பற்றட்டும், ஆனால் ‘டப்பாவில் மிட்டாய் உண்டு’ என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், அம்மாவின் நூலும் மகளின் நூலும் ஒரே விடையைத் தரும்.

கேள்வி: நம் நாட்டுத் தருக்க மரபில் இந்தச் சதுரம் போன்ற ஒன்று உண்டா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: இதே வடிவில் இல்லை, பெருமைக்காக இழுத்துப் பொருத்துவதும் நேர்மையாகாது. ஆனால் முந்தைய கேள்விக்கு நெருங்கிய தொடர்புள்ள ஒன்று, தமிழிலேயே, மணிமேகலையின் 29ஆம் காதையில் இருக்கிறது. அங்கே பௌத்தத் துறவியான அறவண அடிகள் மணிமேகலைக்கு அனுமானத்தின் உறுப்புகளாகப் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்ற ஐந்தைச் சொல்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம்.

மூன்றாவது உறுப்பு ஏன் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ‘புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு’ என்ற நிறைவிதி ஒன்றே முடிவைத் தந்துவிடும். கிரேக்க வழியில் படித்தவருக்கு அடுக்களை வீண் சேர்க்கையாகத் தோன்றும். ஆனால் அந்த நிறைவிதியைச் சொல்பவர், புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் இடம் ஒன்றையாவது, கேட்பவரும் ஒப்புக்கொள்ளும்படி காட்டிய பிறகே மேலே செல்ல வேண்டும் என்று இந்த மரபு கட்டாயப்படுத்துகிறது. நிறைவிதியோடு அதற்குரிய குறைவிதியும் கூடவே வந்துவிடுகிறது. வெற்று டப்பாவைக் காட்டி ‘எல்லாம் எலுமிச்சை’ என்று சொல்பவரை அறவண அடிகளின் மாணவர் உடனே நிறுத்தி, அடுக்களை எங்கே என்று கேட்டிருப்பார்.